கடலையும் அலையையும் வாட்டர் கலரில் வரைவது: புதுச்சேரி கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் பலகையை மடியில் வைத்து உட்கார்ந்தால், நடக்க வருகிறவர்களில் நாலு பேராவது நின்று பார்ப்பார்கள், அதில் ஒருவராவது கேள்வி கேட்பார். என் ஊர் கடலூர் என்பதால் அங்குள்ள தேவனாம்பட்டினம் கடற்கரைக்கும் அடிக்கடி போவேன், அங்கேயும் அப்படித்தான். வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு, நின்றபடி சொல்லி முடிக்க முடியாத பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

கடல் நீலமாகவே வரமாட்டேன் என்கிறது. எந்த நீலம் வாங்கினால் சரியாக வரும்?

முதலில் வண்ணப்பெட்டியை மூடிவிட்டுக் கடலைப் பாருங்கள். நம் கரையோரத்துக் கடல் நீலமே இல்லை. அலை உடையும் இடத்தில் மணல் கலங்கிக் கிடப்பதால் அது மங்கிய பச்சையும் பழுப்பும் சேர்ந்த நிறம், அதைத் தாண்டினால் சாம்பல் கலந்த பச்சை, தொடுவானத்தை ஒட்டி ஒரு பட்டை மட்டும்தான் நீலம். அதுவும் வானம் தெளிவாக இருந்தால்தான், மேகம் மூடிய நாளில் அந்தப் பட்டையும் ஈயம் மாதிரி ஆகிவிடும். மழைக்காலத்தில் பெண்ணையாறும் கெடிலமும் வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டும்போது தேவனாம்பட்டினத்துக் கடல் டீ நிறத்துக்கு வந்துவிடும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் காற்று அடங்கித் தண்ணீர் தெளியும்போதுதான் நீங்கள் மனதில் வைத்திருக்கும் நீலத்துக்குப் பக்கத்தில் வரும்.

வீடியோக்களில் வரைகிறவர்களின் கடல் வேறு, நம் கடல் வேறு. பவளப்பாறைத் தீவுகளின் பச்சை நீலத்தை வங்காள விரிகுடாவின் மேல் பூசினால், எவ்வளவு திறமையாகப் பூசினாலும் அது இந்த ஊராக இருக்காது. நம் கடலின் அழகே அந்த மங்கலான பச்சையில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

சரி, குறைந்தது எத்தனை வண்ணம் வேண்டும்?

ஐந்து போதும். அல்ட்ராமரைன் (ஊதா சாயும் நீலம்), ஃப்தாலோ நீலம் (பச்சை சாயும் நீலம்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), கூடவே ரோஜா நிறச் சிவப்பு ஒன்று. ஐந்தில் அதிகம் தீர்ந்து போவது பர்ன்ட் சியன்னாதான், கடல் வரைகிறவரிடம் இதை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். அல்ட்ராமரைனோடு அதைக் கலந்தால் மேகத்தின் சாம்பல் வரும், கொஞ்சம் நீலத்தைக் கூட்டினால் மழைமேகம், பழுப்பைக் கூட்டினால் ஈர மணல். ஃப்தாலோவோடு கலந்தால் ஆழமான கடல்பச்சை. கரையோரத்துக் கலங்கலுக்கு அல்ட்ராமரைனும் யெல்லோ ஓக்கரும்.

இரண்டு நீலமும் தாளில் நடந்துகொள்ளும் விதம் வேறு வேறு. அல்ட்ராமரைன் துகள் கனமானது, சொரசொரப்பான தாளின் சிறு குழிகளில் போய்ப் படிந்து, தண்ணீர் மினுமினுப்பதைத் தானாகவே கொடுத்துவிடும். அது படியும்போது பிரஷ்ஷால் கிளறாதீர்கள். ஃப்தாலோ அப்படியில்லை, சாயம் மாதிரி தாளுக்குள் இறங்கிவிடும். பிறகு ஒற்றியெடுக்கப் பார்த்தால் முழுதாக வராது, அதனால் வெளிச்சம் வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுபோகும்போது யோசித்துக் கொண்டுபோங்கள்.

ஒரு செய்தி: வெள்ளை வேட்டிக்கு நீலம் போட அந்தக் காலத்தில் கடையில் வாங்கினோமே நீலப்பொடி, அதுவும் செயற்கை அல்ட்ராமரைன்தான். அதற்கு முன்னால் ஆப்கானிஸ்தானில் வெட்டியெடுத்த கல்லை அரைத்துத்தான் அந்த நிறம் கிடைத்தது. கடலுக்கு அப்பாலிருந்து வந்தது என்பதால்தான் அந்தப் பெயர், கடலின் நிறம் என்பதால் இல்லை. 1820களின் கடைசியில் பிரான்சில் அதைச் செயற்கையாகச் செய்யும் வழியைக் கண்டுபிடித்த பிறகுதான் சாதாரண ஆட்கள் வாங்கும் விலைக்கு வந்தது.

வெள்ளை நுரையை எந்த வண்ணத்தால் வரைவது?

எந்த வண்ணத்தாலும் இல்லை. நுரையைச் சுற்றியிருக்கும் கருமையை வரையுங்கள், நுரை தானாக நிற்கும். வாட்டர் கலரில் வெள்ளை என்பது தாளின் வெள்ளை. அதைத் தொடாமல் விட்டுவைக்க வேண்டும், எங்கே விடப்போகிறோம் என்று முதல் பிரஷ்ஷை நனைப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். கோலம் போடுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும், கோடு போகாத இடமும் கோலத்தில் சேர்த்திதானே.

நான் செய்வது இப்படி. பென்சிலால் லேசாக அலையின் முகடு, நுரை விழும் இடம், கரையில் நுரை பரவி நிற்கும் எல்லை, இந்த மூன்று கோடு மட்டும். பிறகு முகட்டுக்குப் பின்னால் இருக்கும் கடலைக் கருமையாகப் பூசி, நுரையின் மேல்விளிம்பை அந்தப் பூச்சாலேயே வெட்டுவேன். விளிம்பு முழுக்க ஒரே மாதிரி கூர்மையாக இருந்தால் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியது போல ஆகிவிடும், அதனால் இரண்டு மூன்று இடத்தில் சுத்தத் தண்ணீர் தோய்த்த பிரஷ்ஷால் தொட்டு விளிம்பை இளக்கிவிடுவேன். அந்த இடத்தில் வண்ணம் நுரைக்குள் கசிந்து சாரல் எழுவது போலத் தெரியும். சில இடத்தில் அரைகுறையாக வண்ணம் தோய்ந்த பிரஷ்ஷைப் படுக்கப் பிடித்து விறுவிறுவென்று இழுப்பேன், தாளின் மேடுகளில் மட்டும் வண்ணம் பட்டு இடையில் வெள்ளைப் புள்ளிகள் தங்கும்.

அப்புறம் எல்லோரும் தவறவிடுவது ஒன்று உண்டு: நுரை முழுக்க வெள்ளை இல்லை. அது ஒரு உருண்டையான பொருள், அதற்கு வெளிச்சப்பக்கமும் நிழல்பக்கமும் உண்டு. நம் கரை கிழக்குப் பார்த்தது, காலையில் சூரியன் அலைக்குப் பின்னால் இருக்கும், ஆகவே நம்மைப் பார்த்திருக்கும் நுரை நிழலில்தான் இருக்கும். மேல்விளிம்பு மட்டும் ஒளிரும். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள், காலை ஏழு மணிக்கு நுரையின் அடிப்பகுதி வானத்தைவிடக் கருத்துத் தெரியும். அங்கே அல்ட்ராமரைனில் துளி பர்ன்ட் சியன்னா கலந்து, தண்ணீர் நிறையச் சேர்த்து ஒரு மெல்லிய பூச்சு. மாலை நாலு மணிக்கு அதே இடத்தில் உட்கார்ந்தால் வெயில் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும், அப்போதுதான் நுரை பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். சுலபமாகத் தொடங்க வேண்டுமென்றால் மாலையில் தொடங்குங்கள்.

வெள்ளையாக விடவேண்டிய இடத்தில் மாஸ்கிங் ஃப்ளூயிட் பூசி மறைத்து, பிறகு உரித்தெடுத்தால் வேலை சுலபமாகுமே?

ஆகும், பொடிப்பொடித் துளிகளுக்கு. பெரிய நுரைக்குப் போட்டால் எல்லா விளிம்பும் கூர்மையாக நின்றுவிடும். அது ரப்பர் பால், நம் வெயிலில் போட்டுவிட்டு இரண்டு நாள் விட்டால் தாளோடு பிடித்துக்கொண்டு உரிக்கும்போது தாளையும் கிழித்துக்கொண்டு வரும். அன்றைக்கே உரித்துவிடுங்கள். நல்ல பிரஷ்ஷை அதில் தோய்க்க வேண்டாம், பழைய பிரஷ்ஷைச் சோப்பில் தேய்த்துவிட்டுத் தோய்த்தால் கழுவ வரும்.

வெள்ளை குவாஷ், அதாவது அடியில் இருப்பதை மறைக்கும் கெட்டியான வண்ணம், தொடுவது தப்பா என்றும் கேட்பார்கள். கடைசியில் நாலு துளி சாரலுக்குத் தொடலாம், நானும் தொடுவேன். அலை முழுவதையும் அதனால் பூசினால் அந்த இடம் சுண்ணாம்பு அடித்தது போல உயிரில்லாமல் கிடக்கும்.

அலை ஓடிக்கொண்டே இருக்கிறது. எப்படிப் பார்த்து வரைவது?

தேவனாம்பட்டினத்தில் ஒரு பெரியவர், வலை சரிபார்த்துக்கொண்டே எனக்குச் சொன்னது: "ஏம்மா, ஒத்த அலைய பாத்துக்கிட்டு இருந்தா எப்படி? பெருசா நாலு வரும், அப்புறம் கொஞ்சம் ஓயும். நாங்க ஓயற நேரம் பாத்துத்தான் படகை எறக்குவோம்." அவர் படகுக்குச் சொன்னது எனக்குப் படத்துக்கு உதவியது. அலைகள் கூட்டமாக வருகின்றன, நடுவில் ஓய்வு உண்டு. பெரிய அலை வரும்போது பாருங்கள், ஓயும் நேரத்தில் வரையுங்கள்.

இன்னொன்று, அலை நகர்ந்தாலும் அது உடையும் இடம் பெரிதாக நகர்வதில்லை. தண்ணீரின் ஆழம் அலையின் உயரத்தைப் போல சுமார் 1.3 மடங்காகக் குறையும்போது அலை உடைகிறது, அதாவது ஒரு மீட்டர் அலை என்றால் ஏறக்குறைய 1.3 மீட்டர் ஆழம் வரும் இடத்தில். தரை மாறாதவரை அதே உயரத்து அலை அதே இடத்தில்தான் கவிழும். அதனால் ஒரே அலையை முழுதாகப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த அலையில் முகட்டின் வளைவை மட்டும் பாருங்கள், அடுத்ததில் நுரை எப்படிச் சரிகிறது என்று, அதற்கடுத்ததில் அடியிலிருக்கும் நிழலை. முதல் பத்து நிமிடம் பிரஷ்ஷைத் தொடவே வேண்டாம். பொறுமை இல்லாமல் உடனே பூச ஆரம்பித்த என் படங்கள் எல்லாவற்றிலும் அலை கல்லில் செதுக்கியது மாதிரி இருக்கிறது.

போனில் எடுப்பதானால் போட்டோவைவிட வீடியோ நல்லது. போட்டோவில் நுரை முழுக்க வெளுத்து, நிழல் காணாமல் போயிருக்கும்.

உடையப்போகும் அலைக்குள் ஒரு பச்சை வெளிச்சம் தெரிகிறதே, அது எப்படி?

அது காலையில்தான் தெரியும், நம் ஊர்க் கடல் தரும் பெரிய வரம் அது. அலை எழும்பி மேலே மெலிந்துகொண்டு போகும்போது, பின்னாலிருந்து வரும் வெயில் அந்த மெல்லிய தண்ணீருக்குள் புகுந்து நம் பக்கம் வருகிறது. அடியில் தண்ணீர் தடிமன், அதனால் கருமை.

ஃப்தாலோவில் ஒரு துளி எடுத்து யெல்லோ ஓக்கர் சேர்த்து, நீர்த்த இளம்பச்சையை முகட்டிலிருந்து கீழே வரை பூசுங்கள். அது ஈரமாக இருக்கும்போதே அலையின் அடியிலிருந்து அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த கருமையை மேல்நோக்கி விடுங்கள். பாதிக்கு மேல் ஏறவிடாதீர்கள், பலகையைக் கொஞ்சம் கீழ்ப்பக்கம் சாய்த்தால் நிற்கும். காய்ந்த பிறகு, அலையின் முகத்தில் பழைய நுரை வலைபோல நீண்டு கிடப்பதைப் பாருங்கள், அந்தக் கோடுகள் அலையின் வளைவோடு மேலே ஏறும். அவற்றைக் கிடைமட்டமாகப் போட்டால் வளைவே தட்டையாகிவிடும். இந்தப் பச்சையை ஒரே பூச்சில் விட்டுவிடுவது முக்கியம், இரண்டாவது முறை தொட்டால் வெளிச்சம் போய்விடுகிறது.

என் அலைகள் ஓட்டுக்கூரை மாதிரி வரிசையாக வருகின்றன.

எல்லா வரிசைக்கும் ஒரே இடைவெளி விட்டிருப்பீர்கள். தூரம் போகப்போக அலைகள் நெருங்கி, தட்டையாகி, கடைசியில் வெறும் கோடாகி, பிறகு நிறம் மட்டுமாக ஆகிவிட வேண்டும். அலைக்கோட்டை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை இழுக்காமல் நடுவில் அறுத்துவிடுங்கள்.

தொடுவானம் எப்போதும் உங்கள் கண்மட்டத்தில் இருக்கும். மணலில் உட்கார்ந்தால் அது கீழே வந்துவிடும், முன்னால் எழும் அலை அதைத் தாண்டி உயரமாகத் தெரியும். கடற்கரைச் சாலையின் சுவர்மேல் நின்றால் கடல் விரிந்து, அலைகள் அடியில் கிடக்கும். கரையில் நிற்கும் ஒருவருக்குத் தொடுவானம் வெறும் நாலரை கிலோமீட்டர் தூரம்தான், அதனால்தான் தூரத்துப் படகின் அடிப்பகுதி தெரியாமல் மேல்பகுதி மட்டும் தெரிகிறது. அந்தக் கோடு நேராக இருக்க வேண்டும், இம்மி சாய்ந்தாலும் கடல் வழிந்து கொட்டுவது போல இருக்கும், மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஈரக்காற்றுள்ள காலையில் வானமும் கடலும் கலந்துபோய்க் கோடே தெரியாது, அன்றைக்கு டேப்பை ஒட்டாமல் இரண்டையும் ஈரத்தோடு ஈரமாகச் சேர விடுங்கள்.

எந்தத் தாள்?

பணம் செலவழிப்பதானால் தாளில் செலவழியுங்கள். கேமல் வண்ணமே போதும், ஆனால் தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), முழுப் பருத்தி, சொரசொரப்பானதாக இருக்கட்டும். மரக்கூழ்த் தாள் சீக்கிரம் காய்ந்து திட்டுத்திட்டாக நிற்கும், பயிற்சிக்கு மட்டும் சரி. புதுச்சேரியில் இருக்கிறவர்களுக்கு ஒரு வசதி, எஸ்.வி. படேல் சாலையில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைமுறைக் காகித ஆலை இருக்கிறது, பருத்தியிலிருந்து செய்கிறார்கள். எந்தக் கைமுறைத் தாளானாலும் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சில நொடிகள் முத்தாக நின்றால் வாட்டர் கலருக்கு ஆகும், உடனே உறிஞ்சினால் ஆகாது.

மே மாதத்தில் பூசுவதற்குள் காய்கிறது, நவம்பரில் காயவே மாட்டேன் என்கிறது.

கடலோரத்தில் வரைகிறவர்களுக்கு இதுதான் உண்மையான பாடு. மே மாதத்தில் வேலையை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். தாளின் பின்பக்கத்தையும் நனைத்துப் பலகையில் படுக்க வைத்தால் ஈரம் கூடுதல் நேரம் தங்கும். பெரிய பிரஷ் வேண்டும், 12ஆம் எண்ணாவது. மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்துவிடும், அது தாளையும் காய வைக்கும், கடலையும் பொடி அலையாகக் கலைத்துவிடும்.

வாடைக்காற்று காலத்தில் ஒரு பூச்சு காய அரைமணி நேரம்கூட ஆகும். அவசரப்பட்டு அரை ஈரத்தில் அடுத்த பூச்சைப் போட்டால் காலிஃபிளவர் மாதிரி திட்டு விழும். வீட்டில் ஹேர் டிரையர், வெளியில் இரண்டு தாளை மாற்றி மாற்றி வரைவது. வாடைக் காலத்தில் கரைந்துபோகும் தூரத்துக் கடல், மழைத்திரை எல்லாம் பிரமாதமாக வரும், ஈரத்தை எதிரியாக நினைக்காமல் அதற்கேற்ற காட்சியைத் தேர்ந்தெடுங்கள். தாளைப் பிளாஸ்டிக் உறையில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், பூஞ்சை பிடித்த தாளில் வண்ணம் கறைகறையாக இறங்கும்.

கடல் தண்ணீரிலேயே வண்ணம் கலக்கலாமா?

ஆசையாகத்தான் இருக்கும், நானும் செய்து பார்த்திருக்கிறேன். கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கு உப்பு. அது தாளில் தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். என் படம் அடுத்த மழைக்காலத்தில் பிசுபிசுத்துப் போனது. பாட்டிலில் நல்ல தண்ணீர் கொண்டுபோங்கள்.

எங்கே உட்கார்ந்து வரையலாம்?

தொடக்கத்துக்குக் கடற்கரைச் சாலை. மாலையிலிருந்து காலை வரை வண்டிகள் வராது, சுவர் உட்கார வாகாக இருக்கும். அங்கே கொட்டியிருக்கும் கருங்கற்களில் அலை மோதிச் சிதறுவது நல்ல பயிற்சி, ஏனென்றால் கருப்புக்கு எதிரே வெள்ளை தானாகத் தெரியும். தெற்கே துறைமுகத்துக்காகக் கட்டிய அலைதடுப்புகள் வடக்கே நகரும் மணலைத் தடுத்ததால் கரை அரித்துப்போய்த்தான் அந்தக் கற்கள் வந்தன. கல்லை முழுக்கக் கருப்பாக்காதீர்கள், ஈரக்கல் வானத்தை வாங்கி மேல்பக்கத்தில் நீலமாக மின்னும். சிதறலுக்குப் பழைய டூத் பிரஷ்ஷில் சுத்தத் தண்ணீரைத் தோய்த்து, காய்ந்துகொண்டிருக்கும் கருமைமேல் தெறித்து, உடனே டிஷ்யூவால் ஒற்றுங்கள்.

கற்கள் இல்லாமல் மணலில் உருண்டு வரும் அலை வேண்டுமென்றால் வீராம்பட்டினம், தேவனாம்பட்டினம். படகு வேண்டுமென்றால் கடலூர் முதுநகர்த் துறைமுகம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கட்டி நிற்கும், அசையாத மாடல் கிடைத்த மாதிரி. ஆனால் படகுகளுக்கு வண்ணம் அடித்துக்கொண்டும் இஞ்சினைப் பிரித்துக்கொண்டும் ஆட்கள் வேலையாக இருப்பார்கள், கேட்டுக்கொண்டு உட்காருங்கள்.

ஈர மணல்?

முதலில் வானத்தின் நிறம், பிறகு அதன்மேல் மணலின் நிறம், இரண்டும் ஈரமாக. மேலிருந்து கீழே இழுங்கள்.

புயல் கடலை வரைய ஆசை.

கடலூர் துறைமுகத்திலோ புதுச்சேரியிலோ புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் கரைப்பக்கம் போகாதீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்த இரண்டு ஊருக்கும் நடுவில்தான் கரையேறியது, அந்த இரவைக் கண்டவர்கள் யாரும் படத்துக்காகக் கடலைப் பார்க்கப் போக மாட்டார்கள். எல்லாம் ஓய்ந்து, போகலாம் என்று சொன்ன பிறகு போங்கள். ஆறுகள் தள்ளிக்கொண்டு வந்த ஆகாயத்தாமரையும் தென்னை மட்டையும் கரை நெடுகக் கிடக்கும், நுரைகூட மஞ்சள் பாய்ந்திருக்கும். அந்த நுரைக்குத் தாளின் வெள்ளையை விடாமல், முதலிலேயே தாள் முழுக்க யெல்லோ ஓக்கரை நீர்க்கக் கரைத்து ஒரு பூச்சு போட்டுக் காயவிட்டுத் தொடங்குங்கள். கடலுக்கு பர்ன்ட் சியன்னா மூன்று பங்கு, அல்ட்ராமரைன் ஒரு பங்கு.